புளியமரத்தில் ஓர் இங்கிலீஷ் பலகை

இன்று நாமக்கல் போகும் பஸ், புதுச்சத்திரம் தாண்டி ஒரு ஊரில் நின்றது. டிரைவர் இறங்கி, பெட்ரோலுக்குப் பதிலாகப் பஸ்ஸின் பின்னால் மாட்டியிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் ஏற வந்தாள். கண்டக்டர் மறித்தார்.

"இந்த ஊரு ஆளுங்கள ஏத்தக்கூடாதுங்கம்மா. போர்டு மாட்டியிருக்குது, பாருங்க."

புளியமரத்தில் இங்கிலீஷில் ஒரு பலகை. அவள் ஜன்னலோரம் இருந்த என்னிடம் கேட்டாள்.

"அதுல என்னங்க எழுதியிருக்குது?"

வைசூரி இங்கே 'பிரிவலென்ட்' என்று எழுதியிருந்தது. அந்த நோயின் பெயரை நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ஊரு பூரா ஆத்தா வந்திருக்கறான்னு போட்டிருக்குதுங்க" என்றேன்.

"ஊரு பூராவுங்களா? எங்க ஊட்டுக்கு மட்டுந்தானுங்க வந்தா. எம் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பக்கத்து ஊட்டுல ஒண்ணுமில்லீங்களே!"

நாமக்கல்லில் என்ன வேலை என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா ஊடுங்க. ஆத்தா வந்த ஊட்டுல அழுவக்கூடாதுன்னுட்டாங்க. அங்க போயி அழுதுட்டு வந்தர்றனுங்க."

கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. அவள் பலகைக்குக் கீழேயே நின்றாள். அங்கேயும் அழவில்லை.

பள்ளிக்கூடத்தில் 'பிரிவலென்ட்' என்ற சொல்லுக்குப் 'பரவலான' என்று பொருள் எழுதிச் சபாஷ் வாங்கியவன் நான்.

ஊரில் ஒரே ஒரு வீட்டில், ஒருத்தியிடம் மட்டும் இருப்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அதற்கும் ஒரு பலகை மாட்டச் சொல்வோம்.