நடுவில் ஒரு காலி இருக்கை

இந்த ஊரில் பெரியவர்கள்தான் தரையில் உட்கார்கிறார்கள். நான் சொல்வது கிளாஸ்கோவை. என் நாடகத்தின் இயக்குநர் மார்கரெட் அறுபதைத் தாண்டியவர். அந்த அரங்கமே அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒத்திகை தொடங்கியதும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தேநீர்க் குவளையோடு தரையில் சம்மணமிட்டுவிடுவார். எனக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அவர் கீழே இருக்கும்போது நான் எப்படி மேலே உட்காருவது? சுவரோரம் நின்றுகொண்டே இருப்பேன். சில நாள் கழித்து, "முதுகு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் என் நாற்காலியில் ஒரு மெத்தை இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. இப்போது காமிக்ஸ் எழுதுகிறேன், ஒரு தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர் குழுவில் இருக்கிறேன், நாடகமும் எழுதுகிறேன். மூன்றிலும் எனக்கு ஒரே வழக்கம்: யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று தெரியாமல் எந்தக் காட்சியையும் தொடங்கமாட்டேன். "முகம் மட்டும் தெரிகிற கட்டத்துக்கு நாற்காலி எதற்கு?" என்று காமிக்ஸ் ஓவியர் சலித்துக்கொள்வார். தொடர்காரர்கள் அந்த வரிகளைக் கேட்காமலே அடித்துவிடுவார்கள். நாடகத்தில்தான் அது நடக்காது. அங்கே நாற்காலி எல்லோர் கண்ணிலும் படும்.

அந்த வழக்கம் ஒரு பேருந்தில் ஒட்டிக்கொண்டது. கோவையில் கல்லூரியில் சேர, அப்பாவோடு உடுமலைப்பேட்டையிலிருந்து கிளம்பிய காலை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் தூக்கத்தில் நடப்பவை போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பொள்ளாச்சியில் தோப்புக்காரர் ஏறினார். அவர் தோப்பில்தான் அப்பா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்துவிட்டார்.

"உக்காரப்பா, பஸ்ஸுல என்ன."

"இருக்கட்டுங்க. நீங்க உக்காருங்க."

அவர் கூச்சப்பட்டு உட்காரவில்லை. அப்பாவும் உட்காரவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து உட்கார வேறு யாருக்கும் மனம் வரவில்லை. கோவை உக்கடம் வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

என் நாடகம் அந்தப் பயணம்தான். பழைய நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பேருந்து. அதைப் பார்க்க அப்பாவுக்கு விசா கிடைத்ததும் எனக்குப் பயம் வந்தது. மேடையில் தோப்புக்காரர் ஏறும்போது, இத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவே அப்பாவும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டால்? அந்தக் காட்சியை எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டேன்.

"என்னயப் பத்தியா எழுதிருக்கற?"

"ஆமாங்கப்பா. நீங்க பஸ்ஸுல நிக்கறது."

"நின்னது நெசந்தான. அங்க ரொம்பக் குளுருமாமா? என்னயாட்ட நடிக்கற ஆளுக்கு நல்ல சட்டையாப் போட்டு உடு கண்ணு."

மதியக் காட்சி. வெளியே சத்தமில்லாமல் பனி பெய்துகொண்டிருந்தது. உள்ளே எங்கள் பேருந்து கிளம்பியது. அப்பாவாக நடித்தவர் லண்டனில் வளர்ந்த ஈழத்து இளைஞர். தோப்புக்காரர் ஏறியதும் அவர் எழுந்தார். நான் மேடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாவின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. இருமல்கூடக் கேட்காத அந்த அமைதியில், அப்பா சாதாரணக் குரலில் சொன்னார்:

"உக்காரு கண்ணு. நீயுந்தான டிக்கெட் எடுத்திருக்கற."

நடிகருக்குத் தமிழ் புரியும். இருட்டில் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு, நான் எழுதாத ஒன்றைச் செய்தார். உட்கார்ந்தார். பேருந்து ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அது எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

காட்சி முடிந்ததும் மார்கரெட் எங்களிடம் வந்தார். "நடுவில் உன் அப்பா ஏதோ சொன்னாரே, மேடையை யாராவது மறைத்தார்களா?" என்று கேட்டுக்கொண்டே, வழக்கம்போலத் தரையில், அப்பாவின் காலடியில், உட்கார்ந்துவிட்டார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து மெல்லக் கீழே இறங்கினார்.

"அந்தம்மா கீழ உக்காந்திருக்கறாங்க. நானென்ன மேல?"

மார்கரெட் கவலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கும் முதுகு வலியா?"

இருவருக்கும் நடுவே அந்த நாற்காலி காலியாக இருந்தது. அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்லிக்கொண்டு, ஓடுகிற பேருந்தில் நிற்பவளைப் போல, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நான் நின்றேன்.