பூட்டிக் கிடந்த காத்திருப்பு அறை

ஸ்டேசன் மாஸ்டர் ஐயா, ஆளில்லாத அறையைப் பூட்டி வைத்து நீங்கள் என் மனைவியை அவமானப்படுத்தினீர்கள்.

எட்டு மாதக் கர்ப்பிணியான அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மூதூரிலிருந்து லாஞ்சில் கடல் கடந்து வந்து உங்கள் ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ரயில் தாமதம். பொதுக் கக்கூசு உடைந்து கிடந்தது. காத்திருப்பு அறைக்குள் நல்ல கக்கூசு இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளுக்காகக் கட்டிய அறை அது.

"ஐயா, அவவுக்கு அடக்க ஏலாமல் இருக்கு. கொஞ்சம் திறந்து விடுங்கோ."

"அது முதலாம் வகுப்புக்கு. உங்கட டிக்கட் மூன்றாம் வகுப்பு."

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே?"

"இல்லாட்டியும் திறக்க ஏலாது."

பக்கத்தில் இருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் பெண்கள் மூவர் எழுந்து வந்தார்கள்.

"வெள்ளைக்காரன் திரும்பி வருவானெண்டு காவல் இருக்கிறார் போல," என்றார் மூத்தவர். "வா புள்ள, நாங்க மறைச்சு நிக்கிறம்."

சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் சேலைத் தலைப்புகளை விரித்து அவளைச் சுற்றி நின்றார்கள். நான் திரும்பி நின்றேன். அவள் அழுவது கேட்டது.

நாடு நம்முடையதாகிவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று அவள் மானத்தைக் காத்தது முன்பின் தெரியாத பெண்களின் சேலை.

அந்த அறையை யாருக்காகப் பூட்டி வைத்திருந்தீர்கள்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஊர் வாசிக்க, இந்தக் கடிதம் வெளிவரும் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.