செவலி எப்போ ஈனும்?

சத்யப்ரியாவின் அப்பா லேத் பட்டறை வேலைக்காக விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தபோது அவள் கைக்குழந்தை. வீட்டில் தெற்கத்தித் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளி வேனில் கன்னடம் என்று வளர்ந்தவள், இப்போது ஒரு பேக்கரியின் மேல்மாடியில் உட்கார்ந்து மாடு வளர்ப்பவர்களுக்கான செயலி எழுதுகிறாள். கீழிருந்து ஏறிவரும் பன் வாசனையில் பாதி நாள் விழித்தபடியே கனவு ஓடும். கனவிலும் மாடுகள்தான் வரிசை கட்டி நிற்கும்.

செயலியில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு நிலை உண்டு: கறவை, சினை, வற்றியது, விற்றது. இப்படி நிலைகளை வரிசையாக அடுக்கி வைப்பதை அவள் தொழிலில் ஆங்கிலத்தில் 'ஈனம்' (enum) என்பார்கள். போன் நிலையின் சொல்லைச் சேமிக்காது. வரிசையில் அது எத்தனாவது இடம் என்ற எண்ணை மட்டும் சேமிக்கும். அப்படி எழுதியவள் அவளே.

ஓசூரை அடுத்த பேரிகை ஊரில் மாடு வைத்திருக்கும் கெம்பம்மா ஒருமுறை குறை சொன்னாள். ஊசி போட்ட மாட்டின் பாலை ஊற்றக் கூடாது, அதைக் குறிக்கச் செயலியில் வழியே இல்லையே என்று. கறந்த ஈரக்கையோடு தொடுவதால் மேலேயே வைத்துக் கொடு என்றும் கேட்டாள். சத்யப்ரியா 'மருந்தில்' என்ற சொல்லைக் கறவைக்கு அடுத்து நுழைத்தாள். வரிசையில் ஒருத்தி இடையில் புகுந்தால் பின்னால் நிற்பவர்களெல்லாம் ஓரிடம் நகர்வார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை, சினை பிடித்தும் பால் கொடுத்துக்கொண்டிருந்த கெம்பம்மாவின் மாடு கௌரி, போனில் 'மருந்தில்' என்று நின்றாள். பால் நிலையத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கேனைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலமும் இப்படியே வந்தால் இனி இந்த வீட்டுப் பாலே வேண்டாம் என்றார்கள்.

சேதி கேட்டதும் சத்யப்ரியா மடிக்கணினியோடு பஸ் ஏறினாள். பனி விலகாத ரோஜாக் குடில்கள் ஜன்னலில் மேகம்போல மிதந்தன. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். கெம்பம்மாவோ போனை நீட்டிச் சிரித்தாள்.

"செவலி வந்துட்டா பாரு, கண்ணு."

கோடையில் தீவனச் செலவு கட்டுபடியாகாமல் மத்தூர்க்காரருக்கு விற்ற மாடு செவலி. 'விற்றது' என்றிருந்த இடத்தில் இப்போது 'வற்றியது' என்றிருந்தது, பால் நின்றாலும் தொழுவத்திலேயே இருக்கும் மாடுபோல. காலையிலிருந்து அதைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சத்யப்ரியா தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்து, அலுவலகத்து அஸ்வினுக்குப் போன் போட்டாள். "ஈனம்தான் இடம் மாறிப்போச்சு. இனிமே நம்பர் வேணாம். பேரையே சேவ் பண்ணிடலாம்."

கெம்பம்மாவின் காதில் வேறு விழுந்தது. பேரிகையில் எந்த மொழிக்காரருக்கும் ஈனுவதென்றால் கன்று போடுவதுதான்.

"ஈனுமா? யாரு, செவலியா? எப்போ ஈனும்?"

சத்யப்ரியா மடிக்கணினியைத் திறந்தாள். புதுச் சொல் நுழைந்த நாளுக்கு முன் பதிந்தவற்றைப் பழைய வரிசைப்படியும், பின் பதிந்தவற்றைப் புது வரிசைப்படியும் படித்து, எல்லா எண்களையும் சொற்களாக மாற்றினாள். சாயங்காலக் கறவைக்குள் கௌரி மறுபடி சினையானாள். நிலையத்தில் கெம்பம்மாவின் போனைப் பார்த்தார்கள், பாலை ஊற்றிக்கொண்டார்கள்.

செவலி மட்டும் மறுபடி விற்ற மாடானாள்.

காலிக் கேனோடு இருவரும் திரும்பினார்கள். தொழுவத்துக்கு வந்ததும் கெம்பம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, செவலியின் பேரைத் தொட்டு, 'சினை' என்று மாற்றினாள்.

"அக்கா, அது வித்த மாடு."

"வித்துட்டா சினை நிக்காதா?"

சத்யப்ரியா போனை மடிக்கணினியில் இணைத்து உள்ளே பார்த்தாள். செவலியின் பேருக்கு எதிரே எண் எதுவும் இல்லை. சினை என்ற சொல்லே இருந்தது. இனி வரிசையில் யார் புகுந்தாலும் அது நகராது. அவள் அதைத் திருத்தவில்லை.