வீட்டுக்கு இரண்டு வாக்கு

டென்மார்க்கில் எங்கள் வீட்டுக் கதவின் நடுவில் ஒரு நீளமான துவாரம் உண்டு. தபால்காரர் அதன் வழியே கடிதத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அது நிலத்தில் விழும் சத்தம் கேட்டாலே முதலில் ஓடிப்போய் உறையில் யார் அனுப்பியது என்று பார்ப்பேன். தற்காலிக வதிவிட அனுமதியோடு இருப்பவனுக்கு எந்தக் கடிதம் என்ன சொல்லுமோ என்ற பயம் போகவே போகாது. சென்ற மாசியில் வந்த கடிதத்துக்குள் இரண்டு மஞ்சள் வாக்கு அட்டைகள் இருந்தன. எங்கள் மாடிக் குடியிருப்பின் வருடாந்தக் கூட்டம், இவர்கள் பாஷையில் ‘பெபோமூதெ’. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு வாக்கு என்று எழுதியிருந்தது. நான் அகராதியை எடுத்து அந்த வரியை மூன்று தரம் சரிபார்த்தேன்.

ஊரில் இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வாக்குக்கூட இருந்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. எழுபத்தேழு கலவரத்தில் தப்பி வடக்கே உருத்திரபுரத்துக்கு வந்தோம். அங்கே ஒரு காணிக்காரரிடம் அப்பா கூலிக்கு நின்றார். தேர்தல் நாளிலும் வழக்கம்போல மண்வெட்டியோடு வயலுக்குத்தான் போனார். என் மனைவி சிவமலர் புளியங்குளத்துக்காரி. அவள் வீட்டில் எல்லோருக்கும் வாக்கு இருந்தது. அதனாலோ என்னவோ, அட்டைகளைக் கண்டதும் ஒன்றை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் பேச இருந்த விடயம் எங்களுக்கு உயிரான ஒன்று. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட புல்தரை சும்மா கிடக்கிறது. அதைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, கேட்கும் வீடுகளுக்குத் தோட்டம் செய்யக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. வந்த நாள் முதலாய் சிவமலர் குசினி யன்னலால் அந்தப் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் மண் கிண்டாமல் கை பரபரத்தது. ஆனால் கூட்டத்தின் தலைவி கிர்ஸ்டன் தோட்டத்துக்கு எதிர். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பது அவர் நியாயம். என் வதிவிடப் பத்திரங்களை நிரப்பித் தந்தவரும் அதே கிர்ஸ்டன்தான். என் மனக்கணக்கில் அவர் அரைவாசி அரசாங்கம்.

மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் பெயர் கேட்டு ஒரு தாளில் அடையாளமிட்டார். அந்தத் தாள் எங்கே போகும் என்ற யோசனையில் எனக்குக் கேக் இறங்கவில்லை.

உருத்திரபுரத்திலும் கூட்டம் நடக்கும். சிறுபோக விதைப்புக்கு முன், குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் கூட்டம். ஒரு அதிகாரி மேசையில் இருப்பார். அரசாங்கம் பெர்மிட் கொடுத்த காணி உள்ளவர்கள் மட்டும் கை உயர்த்துவார்கள். அப்பா வாய்க்காலின் கடைசியில் பற்றை வெட்டி, பெர்மிட் இல்லாமல், ஒரு துண்டு விதைத்திருந்தார். அந்த வருடம் தண்ணீர் குறைவு. வாய்க்காலின் தலைப்பில் உள்ள மேல்வயல்களுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லோருக்கும் பகிர்வதா என்று கேட்டார்கள். பகிர்வதற்குக் கை கேட்டபோது பின்னால் நின்ற அப்பாவின் கையும் எழுந்துவிட்டது. அவருடைய காணிக்காரர் திரும்பிப் பார்த்தார். காணிக்காரருக்கு இருந்தது மேல்வயல்.

“முத்தையா, உனக்குப் பெர்மிட் இல்லையெல்லோ. கையைக் கீழ விடு.”

“தெரியாம தூக்கிட்டேங்க,” என்றார் அப்பா.

கைகளை மறுபடி எண்ணினார்கள். அப்பாவின் கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேல்வயல்தான் வென்றிருக்கும். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து அந்த வயலில் அவருக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டே நிற்பார். சில வருடங்களின் பின், நாங்கள் மாங்குளத்தில் இருந்தபோது, துவக்கோடு வந்தவர்கள் கூட்டம் வைத்தார்கள். சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கோ என்றார்கள். அன்று மட்டும் அப்பா உட்பட, பெர்மிட் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் உயர்த்தினோம். யாரும் எண்ணவில்லை.

இந்தப் படிப்போடுதான் நான் கிர்ஸ்டனுக்கு முன்னால் இருந்தேன். தோட்டம் வேண்டும் என்பவர்களைக் கேட்டார். சிவமலர் அட்டையை உயர்த்தினாள். நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

“விடுங்கோ. நான் எனக்குத்தான் தூக்கிறன்,” என்றாள்.

வேண்டாம் என்பவர்களைக் கேட்டபோது நான் உயர்த்தினேன். ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கு எதிராக ஒன்று. வேண்டும் பதினான்கு, வேண்டாம் பதினைந்து. வித்தியாசம் ஒன்றுதான் என்பதால் இன்னொரு தரம் எண்ணுவோம், மனம் மாறியவர்கள் மாற்றலாம் என்றார் கிர்ஸ்டன். மாற்றினால் மாற்றியது தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். என் கை இரண்டாம் தரமும் அதே பக்கம் உயர்ந்தது. தோட்டம் தோற்றது.

கூட்டம் முடிந்து கிர்ஸ்டன் என்னிடம் வந்தார். நீ தோட்டத்துக்கு ஆசைப்பட்டாய் என்றல்லவா நினைத்தேன், ஏன் எதிராகப் போட்டாய் என்று கேட்டார். நீங்கள் தலைவி அல்லவா என்றேன். நான் பகிடி விட்டேன் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அடுத்த வருடம் நீங்களே பிரேரணை கொடுக்கலாம், வீட்டின் இரு வாக்காளர்களும் கையெழுத்திட்டால் போதும் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்தும் நான் பயந்தாங்கொள்ளியாகவே இருந்தேன். சிவமலர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குசினி மேசையில் ஒரு தாளை வைத்தாள். பிரேரணையைத் தன் டேனிஷில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு வெற்றுக் கோடு. யன்னலுக்கு வெளியே புல் பனியில் நனைந்து கிடந்தது. மேசையோரம் நின்று பேனாவைத் திறந்தேன்.

“மற்றக் கையை ஏன் ஒளிக்கிறீங்கள்?” என்றாள் சிவமலர்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வலது கை கோட்டின் மேல் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.