தானியேல் இட்ட முட்டை

பாட்டிலை மூன்று தரம் குலுக்குகிறார். சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கிறார். பிறகு காகிதப் பட்டை ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டி, வேளைக்கு ஒரு பல் என்று பாட்டிலின் முதுகில் ஒட்டுகிறார். இத்தனையும் செய்கிறபோது வாய் சும்மா இருப்பதில்லை. எதிரே நிற்கிறவனுக்கு அவன் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் உபதேசம் நடக்கும். கிணற்றுக்கு எந்தப் பக்கம் முருங்கை வைப்பது, பசு சினையா இல்லையா என்று நடையைப் பார்த்தே எப்படிச் சொல்வது, காதைப் பார்த்து மாப்பிள்ளையின் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒன்றும் பாக்கியிராது. கடைசியில், "நம்ம கண்ணு பொய் சொல்லாது வே" என்று முத்திரை குத்திப் பாட்டிலைக் கையில் கொடுப்பார்.

பாளையங்கோட்டையில் கம்பவுண்டர் நேசையாவைத் தெரியாதவர்கள் நோயே வராத பாக்கியசாலிகள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எட்டு வருஷமாக என் வயிறு அவர் பொறுப்பில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரன் என்பதால் என் காதுகளும் அவர் பொறுப்பில்தான். வயது ஐம்பது, குச்சி உடம்பு, வெயில் காலத்திலும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. எவன் எந்த நோயோடு வந்தாலும் முதலில் ஓர் அவுன்ஸ் விளக்கெண்ணெய். தலைவலிக்கு எதற்கு விளக்கெண்ணெய் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டு, அதற்குத் தண்டனையாக நானும் ஓர் அவுன்ஸ் குடித்தேன்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. வீட்டில் எது விளைந்தாலும் அதில் முதலாவது கர்த்தருக்கு. எங்கள் சபையில் முதற்பலன் படைக்காதவர் யார்? முதல் தேங்காய், முதல் வாழைத்தார், கோழி இட்ட முதல் முட்டை, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் பீடத்துப் படிக்கு வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் போகும். ஆனால் நேசையா ஒப்புக்குச் செய்கிறவர் அல்ல. முதல் பூசணியை எலி கடித்துவிட்டதே, இரண்டாவதைக் கொண்டுபோகலாமே என்று சொன்ன மனைவியோடு மூன்று நாள் பேசவில்லை. கடிபட்டதையே கொண்டுபோய் வைத்தார். மனைவி சாலோமி அம்மாள் தெருவைத் தாண்டி வந்து என் வீட்டில் சொல்லி ஆற்றிக்கொண்டார்: "மொத முருங்கைக்காய் ஆண்டவருக்கு, ரெண்டாவது அணிலுக்கு. நாங்க எப்பம் கொழம்பு வைக்கது?"

இந்த வீட்டுக்கு ஒரு கிளி வந்தது. தூத்துக்குடித் தோணிக்காரர் வியாகுலத்துக்குக் காலில் ஆறாத புண். நேசையா இரண்டு மாதம் கட்டுப் போட்டு ஆற்றினார். அந்த நன்றிக்கு வியாகுலம் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிளி அது. ஆஸ்திரேலியாக் கப்பலில் வந்த சாதியாம். சாம்பல் உடம்பு, தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. கொண்டைக்கிளி என்று தெரு பெயர் வைத்தது. கொடுத்தவரோ போகிறபோக்கில், ஆண் என்றால் ஓயாமல் சீட்டியடிக்கும், இது சும்மாவே இருக்கிறது, பொட்டையோ என்னமோ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். நேசையா கிளியை ஒரு கண்ணால் பார்த்தார். ஆண்தான் என்று தீர்ப்பாயிற்று. வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தபடியால், வேதத்தில் சிங்கங்கள் அடைத்த கெபியில் போடப்பட்டும் தப்பிப் பிழைத்தவரின் பெயரே பொருத்தம் என்று தானியேல் ஆக்கினார்.

இரண்டு வருஷம் காலையில் முகம் கழுவியதும் கூண்டுக்கு முன்னால் நின்று ஒரு கீர்த்தனையைச் சீட்டியடித்தார். தானியேல் கொண்டையைச் சாய்த்துக் கேட்கும். ஒரு சுரம்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. தயிர்க்காரி அந்த ராகத்தைக் கற்றுக்கொண்டாள், எதிர்வீட்டில் பல் தேய்க்கிற நானும் கற்றுக்கொண்டேன், கிளி கற்றுக்கொள்ளவில்லை. "மனசுக்குள்ள ஏத்திக்கிட்டு இருக்கான். ஒரு நா மொத்தமாப் பாடுவான், பாரும்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

டில்லி தர்பார் நடந்ததற்கு அடுத்த வருஷம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தானியேல் பாடவில்லை. முட்டை இட்டது.

நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கூண்டின் தரையில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நேசையா முதலில் சிட்டுக்குருவியின் மேல் பழி போட்டார். கூண்டு சாத்தியிருந்தது. அடுத்துப் பல்லியின் மேல் போட்டார். அதற்கப்புறம் என்னைப் பார்த்தார். என் வீட்டுக் கோழிமுட்டை அளவைச் சொல்லி நான் தப்பித்தேன். சாலோமி அம்மாள் தினையைக் கிண்ணத்தில் கொட்டியபடியே, "தானியேலு வாயும் வயிறுமா இருந்திருக்கான், நமக்குத்தான் தெரியல" என்றார். நேசையா சிரிக்கவில்லை. சேவல் சேராத கோழியும் முட்டை இடும், அது பொரிக்காது, அவ்வளவுதான் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கண் பொய் சொல்லாதே!

யார் இட்டதோ, வீட்டில் கிடைத்த முதல் முட்டை முதற்பலன்தானே. மாத்திரை டப்பியில் பஞ்சு பரப்பி, அதில் முட்டையை வைத்து, ஞாயிற்றுக்கிழமை பீடத்துப் படியில் தேங்காய்களுக்கு நடுவே வைத்தார். ஏலத்தில் அதை எவரும் கேட்கவில்லை. கோயிலைப் பெருக்குகிறவர் டப்பியை எடுத்துக் குருவானவரின் அங்கி வைக்கிற அறை அலமாரியில் ஏற்றினார்.

வீட்டுக்குத் திரும்பினால் கூண்டில் இரண்டாவது முட்டை. இது இரண்டாவதுதானே, கிடக்கட்டும் என்றார் சாலோமி அம்மாள். கம்பவுண்டர் மோவாயைத் தடவி யோசித்தார். கோழி வருஷம் முழுக்க இடுகிற பிராணி, அதற்கு ஒரு முட்டை போதும். கிளி அப்படியல்ல, பசு கன்று போடுகிற மாதிரி ஒரு வேளைக்கு ஒரு ஈத்து. தலையீத்து முழுவதும் கர்த்தருடையது. வேதசாஸ்திரிகள் யாரும் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டை. விழுந்த சூடு ஆறுவதற்குள் எடுத்துவிடுவார். கிளி தேடும். மூலையில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத தரையை அலகால் இழுத்து இழுத்து வயிற்றுக்கடியில் சேர்க்கப் பார்க்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். "அவன் வெளையாடுதான். உம்ம சோலியைப் பாரும்" என்றார். மூன்று ஞாயிறுகளில் எட்டு டப்பிகள் அலமாரி ஏறின. எட்டு முட்டைக்குப் பிறகும் அது 'அவன்'தான்.

நாலாவது வாரம் முட்டை இல்லை. தலையீத்து முடிந்தது என்று கம்பவுண்டருக்கு ஒரே திருப்தி. சனிக்கிழமை முற்பகல் பார்த்தால், கிளி தரையில் கிடந்தது. உடம்பு முழுக்கச் சிலிர்த்துப் போய், கண் பாதி மூடி, மூச்சுக்கு ஒரு தரம் வால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேசையா வழக்கப்படி விளக்கெண்ணெய் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போனார். தொட வந்த விரலை எப்போதும் கொத்துகிற கிளி, அன்று கொத்தவில்லை. கையில் தூக்கினார். அடிவயிறு கல்லாக இருந்தது. அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாக இரண்டு கண்ணாலும் அதைப் பார்த்தார். எடுத்துவந்த விளக்கெண்ணெயை ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சாலோமி அம்மாள் யாரையும் யோசனை கேட்கவில்லை. "அண்ணாச்சி, மேலப்பாளையம் போய்ப் பீர் மைதீனைக் கையோட கூட்டிட்டு வாங்க" என்று என்னை விரட்டினார். பீர் மைதீன் தறிக்காரர். மச்சில் நாற்பது புறா வளர்க்கிறார். இருமலுக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம், புறா வளர்ப்பது எப்படி என்று நேசையாவிடம் உபதேசம் கேட்டுவிட்டுப் போகிற பொறுமைசாலி. தறியில் ஏற்றிய பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வண்டியில் ஏறினார்.

கிளியைத் தூக்காமலே குனிந்து பார்த்தார். முட்டைகளை எடுத்தீர்களா என்று கேட்டார். நேசையா தலையை ஆட்டினார். எட்டு என்று சாலோமி அம்மாள் சொன்னார்.

"எடுக்க எடுக்க அது இட்டுக்கிட்டேதான் இருக்கும், கம்பவுண்டரையா. கெடக்க விட்டா, போதும்னு உக்காந்திரும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அது எலும்புலேருந்துல்லா போவுது. இப்பம் ஒண்ணு உள்ள சிக்கிட்டு. அந்திக்குள்ள வரலைன்னா கிளி தங்காது."

அதட்டாமல் சொன்னார். அதுவே நேசையாவுக்கு அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். பிதுக்கி எடுத்துவிடலாமா என்று கேட்டார். அமுக்கினால் உள்ளேயே உடையும், அதோடு கிளியும் போகும் என்றார் மைதீன். செங்கலை அடுப்பில் சுட வைத்துச் சாக்கில் சுற்றிக் கூண்டுக்கு அடியில் வைத்தார்கள். பக்கத்தில் வெந்நீர்ப் பானை. மேலே போர்வையைப் போட்டு இருட்டாக்கினார்கள். முட்டை வருகிற வாயில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு சொட்டு. பிறகு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. எட்டு வருஷத்தில் நேசையா மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

நாலு மணிக்கு முட்டை வந்தது. ஓடே இல்லை, தோல் மாதிரி ஒரு சவ்வு. விழுந்ததும் கிழிந்துவிட்டது. கிளி இரண்டு வாய் தண்ணீர் குடித்தது. சாலோமி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைதீன் துடைக்க விடவில்லை. இதுவும் உடைந்துவிட்டது, அடியில் முட்டை இல்லாவிட்டால் இரண்டு நாளில் இன்னொன்று இடப் பார்க்கும், அதை இந்த உடம்பு தாங்காது என்றார். புறாவுக்கு மரமுட்டை வைத்து ஏமாற்றுவது உண்டு என்றும் சொன்னார். உடனே கம்பவுண்டர் சுண்ணக்கட்டிப் பொடியும் பிசினும் குழைத்து, மாத்திரை உருட்டுகிற கைத்திறமை முழுவதையும் காட்டி ஒரு முட்டை உருட்டினார். அசல் தோற்றது. கிளி அதை அலகால் தள்ளிக்கொண்டே போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டது. அங்கே அது கரைந்தது. இட்ட முட்டையெல்லாம் எங்கே, கெட்டிருந்தாலும் பரவாயில்லை, தன் முட்டை அதற்குத் தெரியும் என்றார் மைதீன். சாலோமி அம்மாள் கோயில் இருந்த திசையைப் பார்த்தார்.

"அது கர்த்தருக்குக் கொடுத்தது. கொடுத்ததை எப்படித் திரும்பக் கேக்கது?" என்றார் நேசையா.

"உங்க வேதம் உங்களுக்குத் தெரியும் ஐயா. எனக்குப் புறாதான் தெரியும்" என்றார் மைதீன். கணவாய் மீன் ஓட்டைக் கடல்நுரை என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிறான், அதை வாங்கிக் கூண்டில் கட்டுங்கள், கிளி கொறித்துக்கொள்ளும். பச்சைப்பயறு ஊறவைத்துக் கொடுங்கள். இருபது நாள் தொடாதீர்கள், அலுத்தால் அதுவே முட்டையை விட்டு எழுந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். நாட்டுமருந்துக் கடை வாசலை மிதிக்காத கம்பவுண்டர், அன்று மிதித்தார்.

குருவானவர் கிராமச் சபைக்குப் போயிருந்தார். அவர் வண்டி ஞாயிறு காலை ஆராதனை நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அலமாரிக்குப் பூட்டு இல்லை. பெருக்குகிறவரிடம் சொல்லி முந்தின நாளே எடுத்திருக்கலாம், நானே அதைச் சொன்னேன். அதற்குத் திருட்டு என்று பேர் என்றார் நேசையா.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. சனங்கள் தேங்காயும் கீரையுமாக முன்னே போனார்கள். கடைசியாக நேசையா வெறுங்கையோடு போனார். பாட்டு நின்ற சமயம் பார்த்து அவர் வாய் திறந்ததால், சபை முழுக்கக் கேட்டது.

"ஐயா, என் கிளி பொட்டை. நான் ஆம்பளைன்னு சாதிச்சிட்டேன். முட்டையை எடுத்தது என் தப்பு. அந்த எட்டையும் திரும்பத் தரணும். இல்லைன்னா அது செத்துப்போவும்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்துபோய் அறையலாம்போல இருந்தது. குருவானவர் அங்கி அறைக்குள் போனார். எட்டு டப்பிகளை அவரே தட்டில் வைத்து எடுத்துவந்தார். கொண்டுபோக ஏதாவது கொண்டுவந்தீரா என்று மட்டும் கேட்டார். நேசையா தலைப்பாகையைக் கழற்றினார். அதைக் குழித்துப் பிடித்துக்கொண்டு, டப்பிகளைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தார்.

பிரசங்கத்தை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். எழுதுகிறவனுக்கு அந்தப் பாவம் மன்னிக்கப்படும் என்று நம்புகிறேன். தலைப்பாகையை அப்படியே கூண்டுக்குள் வைத்தார். கிளி எட்டிப் பார்த்தது. பிறகு குழிக்குள் இறங்கி, அலகால் ஒவ்வொன்றாக இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்தது. ஏழு சேர்ந்தது. எட்டாவதை வெளியே தள்ளியது. நேசையா எடுத்து உள்ளே வைத்தார். மறுபடியும் தள்ளியது. மூன்றாம் முறை தள்ளியபோது, கொண்டையைத் தூக்கி அவர் விரலை நன்றாக ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் வந்தது. சாலோமி அம்மாள் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"அவளுக்கு ஏழு போதுமாம் வே" என்றார் நேசையா.

நாங்கள் திரும்பிப் போனபோது பிரசங்கம் முடிகிற தறுவாயில் இருந்தது. தலைப்பாகை இல்லாத வெறுந்தலையோடு, உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, அவர் நடுப்பாதையில் நேரே பீடத்துப் படிவரைக்கும் நடந்தார். குருவானவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நேசையா குனிந்து அந்த எட்டாவது முட்டையைப் படியில் வைத்தார். அது உருளப் பார்த்தது. பக்கத்தில் யாரோ வைத்திருந்த வாழைச்சீப்பை இரண்டு கையாலும் பைய நகர்த்தி, அதற்கு அணை கொடுத்தார்.