சாயப்பட்டறை மாஸ்டரும் வலி மாத்திரையும்

என் தம்பி சென்னகிருஷ்ணன் பல்லடம் பக்கத்துச் சாயப்பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் மாஸ்டராக இருந்தவன். பிறந்த மூன்றாம் நாளே மருத்துவச்சியின் சேலையைப் பிடித்துப் பார்த்து, சாயம் போகும் என்று அழுதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், முதல் துவைப்பிலேயே போயிற்று. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கொடியில் காயும் பனியனில் அரை ஷேடு குறைவதைச் சொல்லிவிடுவான். அந்தக் கண்ணை நம்பித்தான் அவன் கெட்டான். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

போன வருஷம் சிறுநீரில் ரத்தம் வந்தது. கோயமுத்தூரில் சிறுநீர்ப்பைக்குள் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய். திரும்ப முளைக்கக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் நந்திதா. ஒரே ஒரு தடவை போனான். ஒரு பெண் டாக்டர் முன்னால் வேட்டியை அவிழ்ப்பது துரைக்குச் சாவைவிடப் பெரிய விஷயம்!

அப்போது பார்த்து, பழைய பட்டறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கொல்கிறதாம். முழங்கால் வலிக்கு அவன் விழுங்கிக்கொண்டிருந்த அதே மாத்திரை. ஒன்றை மூன்றாக்கினான். தினமும் காலையில் சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில், சாய நிறங்களை ஒப்பிடும் ஷேடு கார்டோடு வைத்துப் பார்த்திருக்கிறான். துரு நிறம் தெரிந்த அன்று இன்னொரு மாத்திரை. வெளுத்துவிட்டால் குணம். இப்படியே ஏழு மாதம்.

கடைசியில் அவன் மனைவி அம்புஜம்தான் போன் செய்தாள்.

"அண்ணி, காலெல்லாம் வீங்கிப்போச்சுங்க. கேட்டா, கலரு சரியா இருக்குதுங்கறாரு."

அன்றே அன்னூரிலிருந்து கிளம்பிப் போனேன்.

"ஏண்டா, நீ என்ன பனியன் துணியா, ஷேடு பாக்கறதுக்கு?"

"மெதுவாப் பேசுங்கக்கா, பக்கத்தூட்டுல கேக்குமுங்க."

"கேக்கட்டும்! பல்லடம் பூராவும் கேக்கட்டும்!"

பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போய்க் கோயமுத்தூர் காந்திபுரத்தில் இறக்கி, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

குழாய் விட்டுப் பார்த்ததில் புதிதாக இரண்டு கட்டிகள் இருந்தன. மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. அது கொஞ்சம் தேறிய பிறகுதான் ஆபரேஷன். பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள்.

"கலரு நல்லாத்தானுங்களே இருந்துது?" என்றான்.

"ரத்தம் விட்டு விட்டு வருங்க. வராத நாள்லயும் கட்டி வளரும்" என்றார் டாக்டர்.

"அப்ப அந்தச் சேதி பொய்யுங்களா?"

"பொய்யில்லைங்க, அரைகுறை. ஆய்வுக்கூடத்துல செல்லு மேல, எலி மேல நல்லா வேலை செஞ்சிருக்கு. மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல இன்னும் உறுதியாகலை. ஆராய்ச்சி நடக்குது. அதை நம்பி யாராவது குழாய் விட்டுப் பாக்கறதை நிறுத்துவாங்களா?"

அவன் முகம் செத்துவிட்டது. "லேப் டிப்ப நம்பி பல்க்க எறக்கிப்போட்டனுங்கக்கா" என்றான். சின்னத் துண்டில் சாயம் பிடித்ததை மட்டும் பார்த்து, டன் கணக்கில் துணியைத் தொட்டியில் இறக்குவது. அப்படிச் செய்த ஒருவனை இவனே வேலையை விட்டுத் துரத்தியிருக்கிறான்.

எனக்கு இரக்கம் வரவில்லை.

"போனை எடுடா. அந்தக் குழுவுல எத்தனை பேரு?"

"இருபத்தாறு பேருங்க."

"உனக்கு வந்ததைச் சொல்லு."

"மானம் போயிருமுங்கக்கா."

"முப்பது வருசம் ஒரு கையுறை வாங்கித் தராத முதலாளிக்கு மானம் போகலை. வெறுங்கையில சாயம் கலக்கி இந்த நோயை வாங்கிக்கிட்ட உங்களுக்குத்தான் போகுதா? பேசுடா!"

ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குழுவுக்குக் குரல் பதிவாகப் பேசினான். "மாஸ்டர் பேசறனுங்க. எனக்கு ஒண்ணுக்குல ரத்தம் வந்துதுங்க. மாத்திரைய நம்பி டாக்டர்கிட்டப் போகாம இருந்துபோட்டனுங்க. மறுபடியும் மொளைச்சுருச்சுங்க. நீங்க யாரும் அப்படி இருந்துராதீங்க."

வாங்கிய டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. அவனோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்த அரங்கசாமி.

"மாஸ்டர், எனக்கும் வைகாசியிலிருந்து செவப்பாத்தானுங்க போகுது. நானும் அந்த மாத்திரைதானுங்க. மூணு நாளா நின்னிருக்குது."

சத்தமாகப் பேசியே அறியாத என் தம்பி, வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி போனில் கத்தினான்:

"நின்னா என்ன! இப்பவே பஸ் ஏறுங்க!"