கோணல் பட்டன் கோட்டு

1. காதர் பாய் கடை

1993-இல் விழுப்புரத்தில் காதர் பாயின் ஜென்ட்ஸ் டெய்லர் கடையில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தேன். இடுப்பில் நாலு பிளீட் மடிப்பு வைத்த பேகி பேண்ட் காலம். ஒரு காலுக்குள் அரை மூட்டை வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, கொட்டலாம். முதல் நாள் முதல் ஆர்டரே ஒரு காலேஜ் பையன். பாட்டம் இருபத்துநாலு இன்ச் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நானும் இருபத்துநாலுக்கே சாக்பீஸால் கோடு போட்டேன். பாய் அதைக் கையால் தேய்த்து அழித்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், தெருவ பெருக்கிக்கினு போவ சொல்றியா அவன? கஸ்டமர் கேக்கறத நோட்டுல எழுது. கத்திரிய நம்ம புத்திக்கு ஓட்டு. இருவது வெட்டு, ஜல்தி."

இருபதுக்கு வெட்டினேன். அந்தப் பையனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டு சிநேகிதர்களைக் கூட்டி வந்து, "இதே மாதிரி வேணும்" என்றான். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்குப் பிடித்த பழக்கம் பிறகு பல வருஷம் விடவே இல்லை.

2. ஃபேஷன் பற்றி என் கருத்து

பின்னால் திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டேன். பேகி போய் லோ ஹிப் வந்தது. பைக்கில் உட்கார்ந்தால் பின்னால் வருகிறவன்தான் கண்ணை மூட வேண்டும். அப்புறம் நேரோ ஃபிட். ராத்திரி அதைக் கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டும் என்று கிண்டல் செய்வேன். ஒருவன் புதுச் சட்டையைக் கொடுத்து முழங்கையில் ஒட்டுப் போடச் சொன்னான். எங்கள் அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

நான் எல்லாரிடமும் சரி என்று தலையாட்டுவேன். அப்புறம் டைட் கேட்டவனுக்கு ஒரு இன்ச் லூஸ் விடுவேன், கான்ட்ராஸ்ட் காலர் கேட்டவனுக்கு அதே கலரில் கொஞ்சம் அழுத்தமாக வைப்பேன். துணி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றே மனதார நினைத்தேன்.

3. சேவியரின் கோட்டு

2011-இல் சேவியர் வந்தார். கூட்டேரிப்பட்டில் செல்போன் கடை வைத்திருந்தவர். மூன்று வாரத்தில் கல்யாணம். நீலத் துணி கொண்டுவந்து, கழுத்து மூடிய கோட்டு தைக்கச் சொன்னார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் பட்டன் வரிசை நடுவில் இல்லை. வலது தோளில் தொடங்கி இடது இடுப்புக்குச் சாய்வாக இறங்கியது.

"இதெல்லாம் சினிமாக்காரங்க போட்டுக்கினு போறது தம்பி. நீ சர்ச்சுல நிக்கப் போற. நாளைக்கு உன் புள்ளையே ஆல்பத்த பாத்து சிரிக்கும்" என்றேன்.

"இருக்கட்டுங்க மாஸ்டர். எனக்கு அதுதான் வேணும்."

அளவெடுக்கும்போதே அவருடைய வலது தோள் ஒன்றேகால் இன்ச் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். பெரிய விஷயமில்லை. அந்தப் பக்கம் தடிமனாக ஷோல்டர் பேட் வைத்தால் சரியாகிவிடும். நோட்டில் 'சாய்வு பட்டன்' என்று எழுதிக்கொண்டேன். வெட்டும்போது பட்டன் வரிசையை நடுவில் நேராக வைத்து வெட்டினேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு டிரயலுக்கு வந்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். வலது அக்குளில் பேட் சுருக்கம் விட்டது. கழுத்திலிருந்து நேராக வர வேண்டிய பட்டன் வரிசை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. நான் துணியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தேன்.

"பேஜாரு பண்ணிட்டீங்களே மாஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்தது மாஸ்டர். எந்த போட்டோக்காரர்கிட்ட போய் நின்னாலும், 'ரைட் தோள தூக்குப்பா'ன்றாரு. பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கும் அதே பாட்டுதான். எவ்ளோ தூக்கினாலும் அது அவ்ளோதாங்க வரும். கல்யாணத்தன்னிக்கு அவ பக்கத்துல நிக்கறப்ப, அவங்க ஜனமெல்லாம் பாத்துக்கினு இருக்கறப்ப, யாரும் அத சொல்லக் கூடாதுன்னுதான் இந்த டிசைன தேடிப் புடிச்சேன். நேரா தெச்சாதாங்க என் கோணல் தெரியும்."

எனக்கு அவமானமாக இருந்தது. தோளை டேப் வைத்து அளந்தவன் நான். இந்த டிசைன் ஏன் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தப்பு என் மேலதான் தம்பி. நீ சொல்லு, நான் வெட்றேன்" என்றேன்.

நேராக வெட்டிய இடது முன்பாகம் வலது தோள்வரை எட்டாது. புதிதாக வெட்ட நீலத் துணி மிச்சமில்லை. புதுச்சேரியில் அவர் துணி எடுத்த கடையிலும் அந்த ரகம் தீர்ந்துவிட்டது. "இடது முன்பாகத்த மட்டும் எடுத்துட்டு கறுப்புல வச்சா?" என்று அவரே கேட்டார். நீலக் கோட்டில் பாதிக் கறுப்பு! நான் பழைய ஆளாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். இப்போது சாக்பீஸை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தன் நெஞ்சின் குறுக்கே அவரே கோடு இழுத்தார். கால் இன்ச்கூட மாற்றாமல் அந்தக் கோட்டின்படி வெட்டினேன். பேடையும் மெல்லியதாக மாற்றினேன்.

கல்யாணத்துக்குப் போனேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் போட்டோ எடுத்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. போட்டோக்காரர் பின்னாலேயே நின்றேன். அவர் மணப்பெண்ணை முகத்தை நிமிர்த்தச் சொன்னார். மாமனாரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறக்கும்போது நான் சேவியரின் வலது தோளைப் பார்த்தேன். கடைசிப் படத்துக்கு மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார்.

"மாப்ள, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவ்வளவுதான்.

பாதி நீலம் பாதி கறுப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதைப் படிக்கும் இளைய மாஸ்டர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிசைன் பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், சண்டையும் போடுங்கள். ஏன் அது வேண்டும் என்று கேளுங்கள். அதற்கப்புறமும் அவர் வேண்டும் என்றால், அவர் கேட்டபடியே வெட்டுங்கள். கத்திரி நம்முடையது, போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கப்போவது அவர்.